முதல் வில்லை

வாணலி சூடாகும் முன்பே ஹோபர்ட் முள்கரண்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த அவசரத்தைப் பார்த்தால், காலையில் வெட்டிய இரண்டு பன்றிகளும் அவர் ஒருவருக்கே பத்தாது போலிருந்தது.

"எவ்வளவு நேரம் ஒர்லீனா? உறைபனி உருகி வசந்தமே வந்துடும் போல!"

அவர் மனைவி ஒர்லீனா, மேலங்கிப் பையில் புடைத்திருந்த பொட்டலத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையால் இறைச்சியை வில்லையாகத் தட்டி வாணலியில் போட்டாள்.

அரைவை இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்த அவள் தம்பி கிளீட்டுக்கு வாய் சும்மா இருக்காது. "சாசேஜ் சாசேஜ்னு ஏன் மாமா இந்தப் பாடு? எல்லாம் நான் அரைச்சுக் குடுத்த பன்றிக்கறிதானே?"

"போடா மச்சான்! அரைச்ச கறின்னா குளிச்சிட்டு அம்மணமா நிக்கிற ஆளு. உப்பு, மிளகாய், சேஜ் இலை எல்லாம் உடுத்திக்கிட்டு சர்ச்சுக்குக் கிளம்புறான் பாரு, அவன்தான்டா சாசேஜ்!"

கிளீட் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் கண் வாணலியை விட்டு நகரவில்லை.

நாற்பது வருடமாக முதல் வில்லை மாமாவுக்குத்தான். அவர் 'சரி' என்றால்தான் இறைச்சி சாசேஜாகப் பன்றிக்குடலுக்குள் ஏறும். அந்த நாக்கைப் பற்றி டென்னசி மலை முழுக்கப் பேச்சு. உப்பில் ஒரு கல் கூடினாலும் அது எந்தக் கல் என்று தனியாகக் காட்டிவிடுமாம்.

கோடையில் மாமாவின் தொண்டையிலிருந்து கட்டி ஒன்றை எடுத்தார்கள். அதோடு ருசி போனது. முதல் உறைபனிக்குள் ருசி திரும்பாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி கத்தி என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அங்கே திரும்பப் போறதுக்குப் பதிலா அந்தப் பன்றிங்களோட என்னையும் தொங்கவிடுங்க" என்றார் மாமா.

வில்லை பொரிந்து தட்டுக்கு வந்தது. அவர் ஒரு வாய் மென்றார். கிளீட் இயந்திரத்தை நிறுத்திவிட்டான்.

"ஆகா! உப்பு கச்சிதம். சேஜ் வாசம் மூக்கு வரைக்கும் ஏறுது. மிளகாய்தான் போன வருஷத்தைவிட ஒரு துளி தூக்கல், பாரு, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு!"

கிளீட்டுக்கு ஒரு துண்டுகூட வைக்காமல் தட்டைக் காலி செய்தார். "குடலை எடுத்துட்டு வரேன், அடைக்க ஆரம்பிக்கலாம்" என்று எழுந்து, சீட்டியடித்துக்கொண்டே கொல்லைப் பக்கம் போனார்.

கிளீட் துள்ளினான். இறைச்சிக் கையோடு ஒர்லீனாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். "அக்கா! ருசி வந்துடுச்சு! பழைய நாக்கு அப்படியே வந்துடுச்சு! இனி எந்தக் கத்தியும் வேணாம்!"

ஒர்லீனா அவன் கையை மெல்ல விலக்கினாள். மேலங்கிப் பையிலிருந்த மசாலாப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் நேற்று கட்டிய நூல் முடிச்சு அவிழாமல் இருந்தது.

"கறியில நான் இன்னும் எதுவுமே சேக்கலடா."