அறுந்த நரம்பின் வீம்பு

பெரிய மீன் கடித்ததில் ஒரு குட்டி மீனின் முதுகு நரம்பு இரண்டு துண்டாகிவிட்டது. வால் அசையவில்லை. இரை தேடப் போக முடியாமல் மீன் குளத்தடியில் கிடந்தது.

"வேண்டுமானால் அவளே முதலில் வரட்டும்," என்றாள் தலைப்பக்கத்து நரம்பு.

"நான் எதற்குப் போகணும்? எனக்கென்ன தலையெழுத்தா?" என்றாள் வால்பக்கத்து நரம்பு.

இருவருக்கும் இத்தனை நாளும் சோறூட்டி வளர்த்த கிளியா என்ற நரம்புத் துணைச் செல்லுக்குப் பொறுமை போய்விட்டது. இடைவெளியில் நீண்டு படுத்தாள். "உன்னை நினைத்து அவள் அழுகிறாள்," என்று இந்தப் பக்கம் சொன்னாள். அந்தப் பக்கமும் அதையே சொன்னாள்.

இரண்டு பேரும் அவள் முதுகின் மேலேயே ஊர்ந்துவந்து ஒட்டிக்கொண்டார்கள். வால் துடித்தது.

"பாவம், அழுதாயாமே, அதனால்தான் வந்தேன்," என்றாள் ஒருத்தி.

"யார், நானா? நீதானே அழுதாய்?"

"வாயை மூடிக்கொண்டு வாலை ஆட்டுங்கடி," என்றாள் கிளியா. "மீனுக்குப் பசிக்கிறது."