இது சேசுராஜ் அல்ல

ஜெனிட்டா நிலவுத் தளத்தில் வேலை பார்த்தாள். தூத்துக்குடியிலிருந்து அங்கே மின்னஞ்சல் மட்டுமே போகும். அதுவும் அவள் அப்பா சேசுராஜின் கணக்கிலிருந்து மட்டும். எழுதுகிறவர் அவர்தானா என்பதை, விரல் ஓடும் விதத்தையும் சொற்களையும் வைத்தே சர்வர் தெரிந்துகொள்ளும்.

மனைவி புஷ்பம் இறந்த அன்று சேசுராஜ் நடுங்கும் விரல்களால் எழுதினார்: "அம்மா நம்மள விட்டுப் போயிட்டா."

"இது சேசுராஜ் அல்ல" என்று சர்வர் திருப்பி அனுப்பியது. மறுபடியும் எழுதினார். மறுபடியும் திரும்பி வந்தது.

"நான்தாம்ல அது!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

புஷ்பத்தின் தம்பி அந்தோணி அவர் தோளைப் பிடித்தான். "அத்தான், எப்பவும் எழுதுற மாதிரி எழுதிப் பாருங்க. அது போச்சுன்னா பொறவு இதச் சொல்லலாம்."

சேசுராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாக எழுதுவதையே எழுதினார்: "மக்கா, நானும் அம்மாவும் சொகமா இருக்கோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு." உடனே போய்விட்டது.

அடுத்து உண்மையை எழுதினார். அது திரும்பி வந்தது.

சற்று நேரத்தில் மகளின் பதில் வந்தது: "காலையிலருந்து மனசே சரியில்லப்பா. இப்பதான் நிம்மதியா இருக்கு. அம்மாட்ட சொல்லுங்க."

சேசுராஜ் புஷ்பத்தின் காதருகே குனிந்து, அதைப் படித்துக் காட்டினார்.