பிரஷர் பார்க்கும் கேட்

வேலாத்தாளின் சிறுநீரக ரத்தக்குழாயில் வைத்த சென்சார் ஸ்டென்ட், அவளுடைய பிரஷரை அவள் வேலை செய்யும் பனியன் கம்பெனி கேட்டுக்குச் சொல்லிவிடும். யாருக்கு அளவு தாண்டினாலும் கேட் திறக்காது. இன்றும் திறக்கவில்லை.

"ஸ்டென்ட் வெச்சும் இறங்கலையே. இனி வேலைக்கு ஆகாது, கூட்டிட்டுப் போம்மா," என்றார் சூப்பர்வைசர்.

வேலாத்தாளின் மகள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி தாரணி நகரவில்லை. "கிட்னி நல்லா வேலை செய்யுதுங்ணா. பிரஷரும் வீட்ல சரியாத்தான் இருக்குது. உங்களக் கண்டாத்தான் ஏறுது. அந்த டீக்கடை வரைக்கும் போங்க, பாக்கலாம்."

"கொழுப்புதான் உனக்கு," என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவர் சாலையைக் கடக்கும்போதே கேட்டில் தெரிந்த பிரஷர் எண் இறங்கியது. கதவு திறந்தது. அம்மா விறுவிறுவென்று உள்ளே போனாள்.

சிரிப்பு நின்றுபோய், அவர் திரும்பி வரப் பார்த்தார்.

"அங்கயே இருங்க," என்றாள் தாரணி. "பின்னால இன்னும் பொம்பளைங்க நிக்கிறாங்க."