ஆஸியா உம்மா வீட்டு ஏரியல்

இத்தா இருக்கிற வீட்டு முற்றத்தில் காதல் பாட்டுக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? அடுத்த வீட்டு ரபீகாவுக்குப் பொறுக்கவில்லை.

முஹைதீன் ஹாஜியார் மவுத்தாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய மனைவி ஆஸியா உம்மா வெள்ளை உடுப்போடு மாடி அறையை விட்டு இறங்காமல் புருஷனுக்குத் துக்கம் காத்து இத்தா இருக்கிறார். கீழே என்னடாவென்றால், கண்டியிலிருந்து வந்த மெக்கானிக் முத்துலிங்கம், ஹாஜியாரின் பழைய ஜப்பான் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு ரேடியோவைப் போடுகிறார், அணைக்கிறார். போட்டதும் கார் ஏரியல் கம்பி தானாக எழும்ப வேண்டும். அது பாதியில் நின்று முனகியது. பாட்டு மட்டும் கடுகண்ணாவை ஊர் முழுக்கக் கேட்டது.

அந்த ஏரியலை ரபீகா அறியாதவளில்லை. ஹாஜியார் கடையிலிருந்து வரும்போது வாசலில் ரேடியோவைப் போடுவார். உயரமான மதிலுக்கு மேலே ஏரியல் நீளுவதை மாடி ஜன்னலில் பார்த்துவிட்டுத்தான் ஆஸியா உம்மா தேத்தண்ணிக்குக் கேத்தலை வைப்பார். அதெல்லாம் மனுஷன் இருந்த காலம்.

மதிலோரம் நின்ற நஸீமிடம் விசாரித்தாள். அவன் ஆஸியா உம்மாவின் தம்பி. இன்றைக்கே ஏரியல் சரியாக வேண்டும் என்று ராத்தா ஒரே பிடியாக நிற்பதாகச் சொன்னான்.

"பாட்டுக் கேக்காட்டி என்ன தம்பி குறைஞ்சு போகும்? மவுத்தான வீடு இது. ஒங்க ராத்தாகிட்ட சொல்லுங்க."

மாடியில் திரை அசைந்தது. கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் ரபீகா சத்தமாகச் சொன்னாள். அன்று பின்னேரத்துக்குள் தெருவுக்கே அதைச் சொல்லியும் முடித்தாள்.

அவளுக்கு இருந்த கவலைக்கு இந்த வேலை தேவையே இல்லை. மகள் மஸீனாவுக்கு நிறைமாதம். மருமகன் சவூதியில். நோவு கண்டால் கண்டி ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது? ஒரு குரல் கொடுங்கள், கார் இருக்கிறது என்று சொல்லியிருந்த ஹாஜியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இவ்வளவும் பேசிய வாயால் இனி அந்த வீட்டில் போய்க் கேட்கவா முடியும்?

அந்த வாரமே, விடியற்காலையில் சுபஹு பாங்கு சொல்லும் நேரத்தில் மஸீனாவுக்கு நோவு கண்டது. கொட்டுகிற மழை. டெலிபோன் இல்லாத தெரு. ரபீகா ரோட்டுக்கு ஓடிப் பார்த்தாள். ஒரு வாகனம் கிடையாது. அழுதுகொண்டே திரும்பியவள் முன்னால் கார் வந்து நின்றது.

"சத்தம் கேட்டுச்சு. மஸீனாவைக் கூட்டிட்டு வாங்க" என்றான் நஸீம்.

மகளை ஆஸ்பத்திரியில் உள்ளே அனுப்பிவிட்டு ரபீகா வெளியே நின்ற நஸீமிடம் வந்தாள். கார் நல்ல வேளைக்கு ஓடியது என்றாள்.

"ஓடாமத்தான் கிடந்தது. பாதியில கொளுவுப்பட்ட ஏரியலோட மோட்டார் நிக்காமச் சுத்தி, ராவெல்லாம் பேட்டரியைக் குடிச்சிரும். விடிஞ்சா ஸ்டார்ட் ஆகாது. வயரைக் கழட்டி விட்டாப் போதும்னுதான் முத்துலிங்கம் சொன்னார். மச்சான் வச்சிருந்த மாதிரியே இருக்கட்டும், ஆனா மஸீனாவுக்கு நோவு வாறதுக்குள்ள சரியாகணும்னு ராத்தா சொல்லிட்டாங்க."

ரபீகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். குழந்தைக்கு உடுப்பு எடுத்துவர இருவரும் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். தெரு வளைவு வந்ததும் ரபீகா தொண்டையைச் செருமினாள்.

"தம்பி, ரேடியோவைப் போடுங்க."

நஸீம் திரும்பிப் பார்த்தான். "மவுத்தான வீட்டு வாசல்லயா?"

"சத்தத்தைக் குறைச்சிட்டுப் போடுங்க. காலையிலிருந்து ராத்தா ஜன்னலடியிலதான் நிப்பாங்க. ஏரியலைக் கண்டா நல்ல செய்தின்னு வெளங்கிரும். நான் இறங்கி உள்ள வாற வரைக்கும் அவங்க ஏன் பதறணும்?"

மதிலுக்கு மேலே ஏரியல் முழுசாக எழும்பியது.

ரபீகா மாடிப் படியேறிப் போனபோது கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது.