இடி நின்ற பிறகு

அன்று மாலை பல்லேபொல வீட்டில் இருந்தவர்கள் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் முத்தழகு, மனைவி பாக்கியவதி, மகள் தினுஷா ஆகிய மூவர் மட்டுமே.

"நம்ம கம்ப்யூட்டர்ல நீங்க கோயில் கட்டுற கேம் நல்லா ஓடுதுப்பா. வெளிய இருந்துதான் யாரும் நெட்ல உள்ள வந்து விளையாட முடியல" என்றாள் தினுஷா.

"நாவுல ஊர்க்காரர் அங்க காத்துக்கிட்டு இருப்பாரே! வேணும்னே கதவச் சாத்திட்டோம்னு நினைப்பாரு. நம்ம குடும்பத்துக்கு அந்தப் பேரு வரக்கூடாது" என்றார் முத்தழகு.

"வெறும் விளையாட்டுப்பா."

"விளையாட்டுன்னா மரியாதை வேணாமா?"

தினுஷா தாயைப் பார்த்தாள். "அம்மா, இடி இடிச்சப்ப இன்டர்நெட் ரூட்டரக் கழட்டினீங்களா?"

"பின்ன, எரிய விடச் சொல்றியா? ஃப்ரிட்ஜையும்தான் கழட்டினேன்."

"அதுதான் விஷயம். திரும்பப் போட்டதும் கம்ப்யூட்டருக்கு வேற நம்பர் குடுத்திருக்கு. வெளிய இருந்து வர்றவங்கள ரூட்டர் இன்னும் பழைய நம்பருக்கே அனுப்புது."

அவள் ரூட்டரில் புது எண்ணைப் பதிந்து, இனி அது மாறாதபடி செய்தாள். உடனே முத்தழகு அவளை எழுப்பிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாமே நாற்காலியில் அமர்ந்தார். திரையில் பாதி கட்டிய கோயிலருகே ஓர் உருவம் வந்து கல் அடுக்கத் தொடங்கியது.

பாக்கியவதி எட்டிப் பார்த்தாள். "உங்க தம்பி வந்துட்டாரா?"

முத்தழகு அடுத்த கல்லை வைத்தார். முகம் மலர்ந்திருந்தது.

மகனின் கல்யாணக் கார்டில் அண்ணன் பெயரைப் போடாமல் விட்ட அந்தத் தம்பியோடு முத்தழகு பேசிவிட்டார் என்று நாவுலயில் ஒரு கதை உலவுகிறது. அது பொய். கார்டு வந்த நாளிலிருந்து இன்றுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.