டிக்கெட் இல்லாத பஸ்

அரியலூர் ஜவுளிக்கடையில் ஜெயசுதாவுக்கு ஆறு மணிக்கு வேலை முடியும். அப்போதே தனியார் பஸ் உண்டு. டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் ஏழு மணிக்குத்தான்.

"இருபத்தஞ்சு ரூவாய்க்கு ஒரு மணி நேரம் கால்கடுக்க நிக்கிறியே, பைத்தியமாடி உனக்கு?" என்றாள் கூட வேலை பார்க்கும் மேகலா.

"பிரவீணாவ நர்சிங் சேக்கணும்க்கா. மிச்சமாகிற காச அன்னன்னைக்கே அவருகிட்ட குடுத்துடுவேன். சேத்து வைக்கிறாரு."

மறுநாள் காய்ச்சல். நிற்க முடியாமல் தனியார் பஸ்ஸில் ஏறிவிட்டாள். மகளின் காசைத் திருடிவிட்டதைப் போல வழியெல்லாம் மனசு உறுத்தியது.

வீட்டுக்குள் பரோட்டா வாசனை. கணவன் முத்துவேலும் பிரவீணாவும் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முத்துவேலின் கை பாதியில் நின்றது. "எட்டு மணிக்குத்தான வருவ?"

ஜெயசுதா மகளைப் பார்த்தாள்.

"தெனமுமா?"

பிரவீணா தலையைக் குனிந்தபடி சொன்னாள்:

"கோவிச்சுக்காதம்மா. நீ வந்தப்புறம் உங்கூட உக்காந்து ரசஞ்சோறும் சாப்பிடுறோம்ல?"