ஏழாம் பெட்டின் போர்வை

"சிஸ்டர், மூணாம் பெட்டு பாட்டில் முடியுது!"

"மூடி வைங்கக்கா, வந்துட்டேன்!"

ஆண்கள் காய்ச்சல் வார்டு முழுக்கச் சுகாசினி சிஸ்டர் ஒருத்திதான். கூட வர வேண்டியவளைப் பிரசவ வார்டுக்கு இழுத்துக்கொண்டார்கள். இவள் ஒரு கோடியில் ஊசி போட்டால் மறுகோடியில் பாட்டில் காலியாகும்.

நடுவில் ஓடியாடிக் குரல் கொடுப்பவள் வள்ளியக்கா.

அப்பாவுக்குத் துணையாக வந்திருந்த கமலுக்கு மருந்துக் குழாயின் சின்னச் சக்கரத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். மேலே தள்ளினால் மருந்து ஓடும், கீழே தள்ளினால் நிற்கும்.

"தறியில கோர்வைச் சேலைக்கு ரெண்டு ஆளு வோணும்பா. எங்க வீட்டுக்காரரு உடலு நெய்வாரு, நான் பக்கத்துல உக்காந்து கரைக்கு நூல் நாடா தள்ளுவேன். இந்த சிஸ்டர் பொண்ணைப் பாரு, ஒத்தையா நெய்துக்கினு இருக்குது."

கமல் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் கார் கதவுக்குத் திருகு முடுக்குபவன். அங்கே தப்பு செய்தால் கதவுதான் போகும். இங்கே ஏழாம் பெட்டில் படுத்திருப்பது அப்பா வீராசாமி. சரியாகத்தான் பார்க்கிறோமா என்று சொட்டும் மருந்தையே திரும்பத் திரும்பப் பார்த்தான்.

சிஸ்டர் புது மருந்தை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.

வெளியே தெருவில் வரதர் சாமி புறப்பாட்டு மேளம் நெருங்கி வந்தது. காய்ச்சலில் சுருண்டு கிடந்தவர்கள்கூட எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள்.

அப்பாவின் பற்கள் தந்தியடித்தன.

குளிர் போலிருக்கிறது. கமல் போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டான்.

மறுகோடியிலிருந்து வள்ளி பறந்து வந்தாள். அந்த வயதில் அப்படி ஓர் ஓட்டம்! வந்த வேகத்தில் போர்வையைப் பிடுங்கி எறிந்தாள். உள்ளே வீராசாமியின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"சக்கரத்த மூடு! மூடுடா! சிஸ்டர், மருந்து ஒத்துக்கல!"

மேளத்தையும் மீறிக் கேட்டது அந்தக் குரல்.

கமல் சக்கரத்தைக் கீழே தள்ளி மூடிவிட்டான். சிஸ்டர் பாய்ந்து வந்தாள். ஐந்தாம் பெட்டுக்காரரின் மச்சான் ஆக்சிஜன் சிலிண்டரைத் தடதடவென்று தள்ளி வந்தான். ஒரு ஊசி. இன்னொரு ஊசி. வார்டே கட்டிலைச் சுற்றி வந்து நின்றது.

மேளம் ராஜ வீதிக்குள் திரும்பி ஓய்ந்த பிறகுதான் நடுக்கமும் ஓய்ந்தது.

வீராசாமி கண்ணைத் திறந்து, சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"இன்னாடா, என்னைச் சுத்தி நிக்கிறீங்க? சாமி அந்தப் பக்கமில்ல போவுது? ஒரு டீ கெடைக்குமா?"

வார்டு குபீரென்று சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

கமலுக்குக் கால் தரையில் பாவவில்லை. படிகளைத் தாவி இறங்கி, ஒரு தூக்கு நிறைய டீயோடு திரும்பினான். முதல் டம்ளர் வள்ளியக்காவுக்கு. இரண்டாவது, இந்த வார்டில்தான் எங்கோ படுத்திருப்பார் என்று அவன் நினைத்திருந்த அவள் வீட்டுக்காரருக்கு. இத்தனை நாளில் அவரை ஒரு தடவைகூடப் பார்க்காதது அப்போதுதான் உறைத்தது. டம்ளரை ஏந்திக்கொண்டு கட்டில் கட்டிலாகத் தேடினான்.

"சிஸ்டர், வள்ளியக்கா வீட்டுக்காரர் எந்த பெட்டு?"

ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த சிஸ்டரின் கை நின்றது.

"உங்கப்பா பெட்டுதான் தம்பி. போன மாசம். இதே மாதிரி குளிர் எடுத்துச்சு. நான் அந்தக் கோடியில இருந்தேன், வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"அக்கா போர்த்திவிட்டாங்க."

கமல் திரும்பிப் பார்த்தான்.

ஏழாம் பெட்டுக்குப் பக்கத்தில், தரையில் கிடந்த போர்வையை எடுத்து உதறி மடித்து, அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வள்ளி.